கேரித் தீவிலிருந்து பார்க்கும் கப்பல் போன் ஆப்பில் தெரிகிறது, சம்பான் ஏன் தெரியவில்லை?

பந்திங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: பெரிய கப்பல்களின் பெயர், வேகம் எல்லாம் போனில் வருகிறது, மீன் பிடிக்கும் சிறு படகான சம்பான் மட்டும் வருவதில்லையே?

சோலாஸ் என்ற அனைத்துலக உடன்படிக்கைதான் காரணம். வெளிநாட்டுப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களும், அளவு எதுவானாலும் பயணிகள் கப்பல்களும் ஏஐஎஸ் என்ற தானியங்கி அடையாளக் கருவி வைத்திருக்க வேண்டும். இந்த டன் எடைக் கணக்கு அல்ல, கப்பலின் உள்ளளவை வைத்துப் போடுவது. சம்பான் இந்தக் கணக்கில் வராது.

ஓடும் கப்பலின் ஏஐஎஸ் 2 முதல் 10 விநாடிக்கு ஒரு முறை இடம், வேகம், திசையை விஎச்எஃப் வானொலி அலையில் அனுப்பும். நங்கூரம் போட்டுவிட்டால் 3 நிமிடத்துக்கு ஒரு முறை. ஆப்பில் மலேசியக் கப்பலைத் தொட்டுப் பாருங்கள். அதன் ஒன்பது இலக்க எண் 533 என்று தொடங்கும். கப்பல் பெயர் தானாக வரும், ஆனால் போகுமிடத்தை ஆள்தான் தட்டச்சு செய்கிறார். பழைய துறைமுகத்தின் பெயர் மாறாமல் கிடந்தால் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

கருவி இருந்தால் மட்டும் போதாது, வாயாலும் சொல்ல வேண்டும். மலாக்கா நீரிணையில் 1998 டிசம்பரிலிருந்து ஸ்ட்ரெய்ட்ரெப் என்ற கட்டாய அறிவிப்பு முறை இருக்கிறது. நம் பக்கத்துக் கடலில் நுழையும் கப்பல் கிள்ளான் போக்குவரத்து நிலையத்தை வானொலியில் அழைத்துத் தன் விவரத்தைச் சொல்லும்.

துறைமுகத்துக்கு வருவதை முன்கூட்டியே தெரிவிப்பது வேறு விதி. அது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்கா பொதுவாக 96 மணி நேரம் முன்பே கேட்கிறது.

அப்புறம், கடற்கொள்ளைப் பயம் இருந்தால் கேப்டன் ஏஐஎஸ்ஸை அணைக்கலாம். ஆகவே திரையில் காணாமல் போன கப்பலெல்லாம் கள்ளக் கப்பல் அல்ல.