டெர்மினலில் சீனம்: பெட்டியா, கேள்விக்குறியா, உளறலா?

இந்த முறை வந்த கடிதங்களில் சீன எழுத்து பற்றியவை மட்டும் தனிக் கட்டாகச் சேர்ந்துவிட்டன. சீனத்து இயந்திரங்கள் நம் பட்டறைகளுக்குள் வந்து வெகுகாலம் ஆகிவிட்டதால் இதில் வியப்பில்லை. டெர்மினல் என்பது கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் எழுத்துச் சன்னல். அந்தக் கட்டளைகளை இதழின் வழக்கப்படி தமிழில் ஒலித்துக் காட்டியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

கேள்வி: எங்கள் பட்டறையில் சீனாவிலிருந்து வந்த லேசர் வெட்டும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. அதன் பதிவுக் கோப்பை உபுண்டு டெர்மினலில் திறந்தால் சீன எழுத்துகள் சரியாக வரவில்லை. மூன்று எழுத்துருக்களை நிறுவிப் பார்த்துவிட்டேன். வேறு நல்ல எழுத்துரு சொல்ல முடியுமா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முடியாது, ஐயா. "சரியாக வரவில்லை" என்று எழுதிய நீங்கள், அதற்குப் பதிலாக என்ன வந்தது என்று எழுதவில்லையே! மருத்துவரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லி மாத்திரை கேட்பது போல இருக்கிறது. திரையில் தெரியும் கோளாறின் உருவமே குற்றவாளியைக் காட்டிக்கொடுத்துவிடும். வெற்றுப் பெட்டிகள் வரிசையாக நின்றால் எழுத்துரு இல்லை என்று பொருள். மற்றதெல்லாம் ஒழுங்காக இருக்கிறது. கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி தெரிந்தால், "எனக்கு வந்த பைட்டுகள் யுடிஎஃப்-8 இல்லை" என்று டெர்மினலே முறையிடுகிறது (எழுத்துகளைப் பைட் எண்களாக எழுதிவைக்கும் முறைக்குக் குறியாக்கம் என்று பெயர்; இன்று பொதுவாக வழங்குவது யுடிஎஃப்-8). சாய்சதுரம் இல்லாத வெறும் கேள்விக்குறி என்றால் டெர்மினல் நிரபராதி; இடையில் உள்ள ஏதோ ஒரு நிரல் எழுத்தை விழுங்கிவிட்டது. புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளோ, சீனம் படித்தவருக்கும் பொருள் புரியாத சீன எழுத்துகளோ வந்தால், ஒரு குறியாக்கத்தில் எழுதியதை இன்னொன்றாக எண்ணிப் படிக்கிறீர்கள்.

கோப்பைத் தொடாமல் முதலில் டெர்மினலை மட்டும் சோதியுங்கள். பிரின்ட்எஃப் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, '\344\270\255' என்று ஒற்றை மேற்கோள்குறியோடு கொடுங்கள். சீனத்தில் "ஜோங்" என்று ஒலிக்கும் எழுத்தின் மூன்று பைட்டுகள் இவை. திரையில் ஒரு செவ்வகமும், அதன் நடுவே மேலிருந்து கீழாக இருபுறமும் நீட்டிக்கொண்டு இறங்கும் ஒரு கோடும் தெரிந்தால் டெர்மினலும் எழுத்துருவும் நலம். தலையில் இரண்டு புள்ளி வைத்த ஆங்கில "ஏ"யும் அடுத்து ஒரு சின்ன வாலும் வந்தால், டெர்மினல் பழைய மேற்கு ஐரோப்பியக் குறியாக்கத்தில் கிடக்கிறது. இடப்பக்கம் மூன்று நீர்த்துளிக் கோடுகள் கொண்ட வேறொரு சீன எழுத்து வந்தால் டெர்மினல் ஜிபிகே என்ற சீனக் குறியாக்கத்தில் இருக்கிறது.

மூன்று எழுத்துரு போட்டும் பயனில்லை என்கிறீர்கள் அல்லவா? இந்தச் சோதனையில் உங்கள் டெர்மினல் தேறிவிடும் என்றே நினைக்கிறேன். அப்படியானால் கோளாறு கோப்பில்தான். சீனா 1980-இல் ஜிபி2312 என்ற தரத்தை வகுத்தபோது அதில் 6,763 சீன எழுத்துகள் இருந்தன. பிறகு அதை விரித்து ஜிபிகே வந்தது. 2000-இல் ஜிபி18030 வந்தது. சீன விண்டோஸ் இன்றைக்கும் 936 என்ற குறியாக்கப் பக்கத்தின் வழியே ஜிபிகேயைத்தான் தூக்கிச் சுமக்கிறது. இயந்திரங்களின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் பெரும்பாலும் அந்த விண்டோஸ்தான். அதில் "ஜோங்" இரண்டே பைட்: டி6, டி0. யுடிஎஃப்-8-இலோ மூன்று. "லெஸ்" கட்டளையில் கோப்பைத் திறந்து பாருங்கள். <டி6><டி0> என்பது போன்ற கோண அடைப்புகள் நிறம் மாறி வரிசையாகத் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். "ஃபைல்" கட்டளையைக் கேட்டால் அது "ஐஎஸ்ஓ-8859" என்று சாதிக்கும். நம்பாதீர்கள், அதற்கு ஜிபிகேயை அடையாளம் தெரியாது.

மருந்து எளிது. குறியாக்கத்தை மாற்றித் தரும் ஐகான்வ் கட்டளையில் "-எஃப்" என்ற இடத்தில் ஜிபி18030 என்றும், "-டி" என்ற இடத்தில் யுடிஎஃப்-8 என்றும் கொடுத்து, விளைவைப் புதிய கோப்பில் சேமியுங்கள். ஜிபி18030 பழைய இரண்டையும் உள்ளடக்கியது. அதையே கொடுத்துவிட்டால் எது எது என்று ஆராய வேண்டியதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் பதிவை அப்படியே பார்க்க வேண்டுமானால் "லுயிட்" என்ற சிறு நிரலுக்கு ஜிபிகே என்று சொல்லி, அதற்குள் "டெய்ல் -எஃப்" ஓட்டுங்கள். இயந்திரம் தைவானில் செய்ததாக இருந்தால் இதெல்லாம் வேறு. அங்கே 1984 முதல் பிக்5 என்ற தனிக் குறியாக்கம்.

மூல கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள். ஏன் என்பது கடைசிக் கேள்வியில் இருக்கிறது.

கேள்வி: என் கணினியில் சீனப் பெயருள்ள கோப்புகள் அழகாகத் தெரிகின்றன. எஸ்எஸ்எச் என்ற தொலைதொடர்பு நிரல் வழியே சர்வருக்குள் போய் "எல்எஸ்" கொடுத்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் மூன்று கேள்விக்குறி. என் கணினி இடைமுகத்தைத் தமிழில் வைத்திருக்கிறேன், அதனால் இருக்குமோ?
— ஒரு வாசகி, சென்னை

பதில்: எண்ணிப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள், அம்மா, பாதி வேலை முடிந்தது. எழுத்துக்கு மூன்று என்றால் பெயர் யுடிஎஃப்-8-இல் பத்திரமாக இருக்கிறது, சர்வர் அதைப் பைட் பைட்டாகத்தான் பார்க்கிறது. சர்வர் கொஞ்சம் புதியதாக இருந்திருந்தால் கேள்விக்குறிக்குப் பதில் சாய்கோடும் எண்களும் வந்திருக்கும்.

உங்கள் சந்தேகமும் சரியே. டெபியனிலும் உபுண்டுவிலும் எஸ்எஸ்எச் உங்கள் மொழி அமைப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு போகிறது. உங்களுடையது "டிஏ_ஐஎன்". சர்வரில் தமிழ் அமைப்பை யார் நிறுவியிருக்கப் போகிறார்கள்? இல்லாததைக் கேட்டால் அது "சி" என்ற ஆதி அமைப்புக்கு இறங்கிவிடும். அதற்கு ஆங்கில எழுத்துகளைத் தாண்டி உலகம் கிடையாது. ஆக, சீனத்துக்கு வந்த தடங்கலுக்குக் காரணம் உங்கள் தமிழ்! "லோக்கேல் -ஏ" கொடுத்து, சர்வரில் உள்ள அமைப்புகளைப் பாருங்கள். "சி.யுடிஎஃப்-8" இருந்தால் சர்வர் பக்கம் "லாங்" மாறியை அதற்கு மாற்றினால் போதும். மாற்றிய பிறகும் அசையவில்லை என்றால் "எல்சி_ஆல்" மாறியை யாரோ நிரப்பி வைத்திருக்கிறார்கள். அது மற்ற எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு மேலே நிற்கும். அதைக் காலியாக்குங்கள்.

இரண்டு விதிவிலக்குகள். நிரல்களின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மட்டும் தொடர்ந்து எண்களைக் காட்டினால் அதன் "கோர்.க்வோட்பாத்" அமைப்பை "ஃபால்ஸ்" ஆக்க வேண்டும். ஒரே டெர்மினலைப் பல சன்னல்களாகப் பிரிக்கும் டிமக்ஸுக்குள் மட்டும் எழுத்துகள் அடிக்கோடுகளாக மாறினால் டிமக்ஸை "-யு" சேர்த்துத் தொடங்குங்கள்.

கேள்வி: சீனம் கற்கிறேன். என் லினக்ஸ் டெர்மினலில் எல்லா எழுத்தும் தெரிகிறது. ஆனால் "எலும்பு" என்ற சொல்லுக்கான எழுத்தை நான் பார்த்து எழுதியதும், இது ஜப்பானிய வடிவம் என்று ஆசிரியை அடித்துவிட்டார். டெர்மினல் தவறாகக் காட்டுமா?
— ஒரு மாணவர், சிங்கப்பூர்

பதில்: ஆசிரியை சொல்வது சரி. சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துகளில் பொதுவானவற்றுக்கு, உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் தரமான யூனிகோட், ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டது. எந்த நாட்டு வடிவத்தில் வரைவது என்பது எழுத்துருவின் பொறுப்பு. அந்த எழுத்தின் மேற்பகுதியில் உள்ளே ஒரு சிறு மூலை இருக்கிறதே, சீனாவிலும் உங்கள் பாடநூலிலும் அது இடப்பக்கம் திரும்பியிருக்கும், ஜப்பானில் வலப்பக்கம். எண் ஒன்றே என்பதால் டெர்மினலுக்கு இது தெரியாது. கைக்கு முதலில் அகப்படும் எழுத்துருவை எடுத்துப் போடுகிறது. அது ஜப்பானியதாக அமைந்துவிடுகிறது.

கூகுளும் அடோபியும் சேர்ந்து 2014-இல் வெளியிட்ட நோட்டோ சிஜேகே எழுத்துரு உங்களிடம் இருக்கும். அதில் "எஸ்சி" என்ற பின்னொட்டு உள்ள மோனோ (சம அகல) வகைதான் எளிமைப்படுத்திய சீனத்துக்கு உரியது, "ஜேபி" ஜப்பானுக்கு. ஃபான்ட்ஸ்.கான்ஃப் கோப்பில் மோனோஸ்பேஸ் வரிசையில் எஸ்சியை ஜேபிக்கு முன்னால் வைத்து, டெர்மினலை மூடித் திறங்கள். ஜேபியை அழித்துவிட வேண்டாம். நாளை ஜப்பானியமும் கற்க ஆசை வரலாம்.

கேள்வி: எழுத்து தெரிகிறது, ஆனால் கர்சர் தள்ளி நிற்கிறது. வட்டத்துக்குள் எண் போட்ட குறிகள் வரும் வரிகளில் அட்டவணைக் கோடுகள் கோணிக்கொள்கின்றன. தமிழ் எழுதினால் இன்னும் மோசம்.
— ஒரு வாசகர், மதுரை

பதில்: டெர்மினல் என்பது கட்டம் போட்ட தாள். சீன எழுத்து ஒன்றுக்கு இரண்டு கட்டம் என்பதில் தகராறில்லை. வட்ட எண், முப்புள்ளி, நீள்கோடு போன்றவைதான் வம்பு: கிழக்காசியக் குறியாக்கங்களில் அவை இரண்டு கட்டம், மற்ற இடங்களில் ஒன்று. யூனிகோடே இவற்றை "இரண்டுங்கெட்டான்" வகையில் தள்ளிவிட்டது. டெர்மினல் ஒன்று என்று எண்ண, உள்ளே ஓடும் விம் எடிட்டர் இரண்டு என்று எண்ணினால் கோடு கோணத்தான் செய்யும். புட்டி, கினோம் டெர்மினல் ஆகிய டெர்மினல் நிரல்களில் இதற்குத் தனி அமைப்பு உண்டு. எல்லாவற்றையும் ஒரு கட்டத்துக்கே விட்டுவிடுங்கள், விம்மின் "ஆம்பிவிட்த்" உட்பட. இரண்டாக்கினால் ஏதாவது ஒரு நிரல் ஒத்துழைக்காது.

தமிழின் சங்கதி வேறு. "கொ" என்பதில் ஒரே உயிர்க்குறி மெய்க்கு இருபுறமும் வந்து உட்காருகிறது. அதற்கு எத்தனை கட்டம் என்று யாரும் உருப்படியாக முடிவு செய்யவில்லை. பல்லாயிரம் எழுத்துள்ள சீனம் கட்டத்துக்குள் அடங்கிவிட்டது, 247 எழுத்துள்ள நாம் அடங்கவில்லை. தமிழை எடிட்டரில் எழுதுங்கள்.

கேள்வி: விண்டோஸ் கமாண்ட் சன்னலில் வெறும் பெட்டிகள்.
— ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ஒரு பெட்டியைப் பிரதி எடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். அங்கே சீனம் தெரிந்தால் எழுத்துரு மட்டுமே குறை. பழைய சன்னல் தன்னிடம் இல்லாத எழுத்தை வேறு எழுத்துருவில் தேடாது. விண்டோஸ் டெர்மினலுக்கு மாறுங்கள், அது தேடும்.

கேள்வி: பழைய கோப்பு ஒன்றில் "குன் ஜின் காவ்" என்ற மூன்று எழுத்துகள் பக்கம் பக்கமாகத் திரும்பத் திரும்ப வருகின்றன. சீன நண்பர் படித்துவிட்டுச் சிரிக்கிறார், விளக்க மாட்டேன் என்கிறார். எந்தக் குறியாக்கம் கொடுத்தால் சரியாகும்?
— ஒரு வாசகர், பெங்களூரு

பதில்: எதைக் கொடுத்தாலும் ஆகாது. யாரோ ஒருவர் ஜிபிகே கோப்பை யுடிஎஃப்-8 என்று எண்ணித் திறந்திருக்கிறார். புரியாத பைட் ஒவ்வொன்றையும் நிரல் அந்தச் சாய்சதுரக் கேள்விக்குறியாக மாற்றியிருக்கிறது. அவர் அப்படியே சேமித்துவிட்டார். அந்தக் குறி யுடிஎஃப்-8-இல் மூன்று பைட். இரண்டு குறி சேர்ந்தால் ஆறு. அந்த ஆறையும் ஜிபிகேயாகப் படித்தால் இரண்டிரண்டாகப் பிரிந்து மூன்று சீன எழுத்துகள் ஆகும்: குன், ஜின், காவ். சீன நிரலாளர்களுக்கு இது பழைய வேடிக்கை. "தாங் தாங் தாங்" என்று இன்னொன்றும் உண்டு. விஷுவல் சி++ பிழைதிருத்த முறையில் மதிப்பிடாத நினைவகத்தை ஒரே பைட்டால் நிரப்பி வைப்பதால் வருவது.

உங்கள் கோப்பில் எழுத்துகள் எப்போதோ அழிந்துவிட்டன. மிஞ்சியிருப்பது கேள்விக்குறிகளின் எச்சம். கோப்பை அனுப்பியவரிடம் மூலப் பிரதியைக் கேளுங்கள், ஜிப் செய்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த ஜிப்பைச் சீன விண்டோஸில் கட்டியிருந்தால் உள்ளிருக்கும் பெயர்களும் ஜிபிகேயில் இருக்கக்கூடும். உபுண்டுவில் "அன்ஜிப்" கட்டளைக்குப் பெரிய "ஓ" சேர்த்து ஜிபிகே என்று சொல்லிப் பிரியுங்கள்.