பகுதிநேரமாகக் கார் டீட்டெய்லிங் (காரை நுணுக்கமாகச் சுத்தம் செய்து பாலிஷ் போடும் வேலை) செய்பவர் இணையத்தில் முதலில் எங்கே விளம்பரம் செய்யலாம்?

கூகுள் பிசினஸ் புரொஃபைலில் தொடங்குங்கள். கூகுள் தேடலிலும் மேப்பிலும் உங்கள் தொழிலின் பெயர், நேரம், படங்கள், விமர்சனங்கள் தெரியும் இலவசப் பக்கம் அது. கடை இல்லாமல் வாடிக்கையாளர் வீட்டுக்கே போய் வேலை செய்பவர்கள் முகவரியை மறைத்து, போகும் பகுதிகளை மட்டும் குறிப்பிடலாம்.

ஏன் இதுதான் முதலில்? சமூக ஊடக விளம்பரம், வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பவர் கண்ணில் படுகிறது. தேடி வருபவருக்கோ அந்த வேலை இப்போதே தேவை. தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் நோட்டீஸ் கொடுப்பதற்கும், கடைவாசலில் போர்டு மாட்டுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

படங்களுக்கு நேரம் செலவிடுங்கள், இந்தத் தொழிலில் அவைதான் பேசும். வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே கோணத்தில், ஒரே வெளிச்சத்தில் எடுங்கள். பாலிஷ் செய்த பேனட்டில் டார்ச் வெளிச்சம் விழும்படி எடுத்தால், மெல்லிய கீறல்கள் போனது பளிச்சென்று தெரியும். நம்பர் பிளேட்டை மறைத்துவிடுங்கள். அப்புறம், சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போதே விமர்சனம் எழுதச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் அதற்குத் தள்ளுபடி தருவது கூகுள் விதிகளுக்கு எதிரானது.

பணம் கட்டினால் மேப்பில் மேலே வரலாம் என்று பலர் நினைக்கிறார்கள். விளம்பர இடத்தை வாங்கலாம், ஆனால் சாதாரண வரிசை பொருத்தம், தூரம், பிரபலம் ஆகியவற்றை வைத்தே அமைகிறது.