கோஹிமாவும் 4வது பிரிகேடும்: கடிதமும் பதிலும்

வணக்கம். 1944இல் நாகாலாந்தில் ஜப்பானியரோடு நடந்த கோஹிமா போரைப் பற்றிப் படித்தால் பிரிட்டனின் 4வது காலாட்படை பிரிகேட் அடிக்கடி வருகிறது. 1940இல் பிரான்சில் சிதைந்துபோனது என்றும் படித்தேன். இரண்டும் ஒன்றுதானா? அங்கே ஜப்பானியர் பிடியிலிருந்த ஜிபிடி குன்றைப் பிடிக்க அவ்வளவு பாடு ஏன்? மூல ஆவணங்கள் எங்கே இருக்கின்றன?
கே., மதுரை

அன்புள்ள கே.,

ஒன்றுதான். பிரிகேட் என்பது ஒரு தலைமையகம், அதன்கீழ் மூன்று பட்டாலியன்கள். போர்க்காலத்தில் பட்டாலியன்களை மாற்றி மாற்றிப் போடுவார்கள். ‘4வது’ என்ற எண்ணை மட்டும் நம்பினால் வழி தவறிவிடும். இங்கே அந்தச் சிக்கல் இல்லை. பிரான்சிலும் கோஹிமாவிலும் ராயல் ஸ்காட்ஸ் ரெஜிமெண்டின் 1வது, நார்ஃபோக் ரெஜிமெண்டின் 2வது, லங்காஷயர் ஃப்யூசிலியர்ஸின் 1/8வது பட்டாலியன் என்று அதே மூன்றுதான். ஆட்கள்தான் பெரும்பாலும் வேறு. 1940 மே 27 அன்று பிரான்சின் லெ பாரடி கிராமத்தில் சரணடைந்த நார்ஃபோக் வீரர்களில் 97 பேரை நாஜி ஜெர்மனியின் எஸ்எஸ் படை சுட்டுக்கொன்றது, பிழைத்தவர் இருவர். புதிதாக ஆளெடுத்து நிரப்பிய பிரிகேட் 1942இல் இந்தியா வந்தது.

1944 ஏப்ரல் கடைசியில் இதை கோனோமா என்ற நாகர் கிராமத்தின் வழியாக, புலேபட்ஸே மலையைச் சுற்றி, ஜப்பானியரின் பக்கவாட்டுக்கு அனுப்பினார்கள். வரைபடத்தில் சில மைல்தான். காடு, செங்குத்துச் சரிவு, மழை; சுமை தூக்கியவர்கள் நாகர்கள். மே 4இல் நார்ஃபோக் பட்டாலியன் ஜிபிடி குன்றின் பெரும்பகுதியைப் பிடித்தது. மிச்சமிருந்த பதுங்குகுழிகள்தான் தலைவலி. மரக்கட்டைக் கூரை, மேலே மண். ஒவ்வொன்றின் முகப்பையும் பக்கத்துக் குழியின் இயந்திரத் துப்பாக்கி காத்தது. ஒன்றை நெருங்குபவன் இன்னொன்றின் குறியில் நிற்பான். மே 6இல் ஏற்கெனவே காயம்பட்டிருந்த கேப்டன் ஜான் ராண்டில், சுடும் துவாரத்துக்குள் கையெறிகுண்டைப் போட்டுத் தன் உடலாலேயே அதை அடைத்தார். பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் அவருக்குக் கிடைத்தது அதற்குத்தான். மறுநாள் பிரிகேடின் தளபதி பிரிகேடியர் கோஷனே கொல்லப்பட்டார்.

‘ஒரு பட்டாலியன் தாக்கியது’ என்று வந்தால் உடனே 800 பேரை நினைக்காதீர்கள். முன்னால் போவது நான்கு ரைஃபிள் கம்பெனிகள். நோய், காயம் கழித்தால் அவையும் பாதியாகலாம். பெரும்பாலான புத்தகங்கள் இதைச் சொல்லாமல் விடுகின்றன.

ஆவணங்கள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில். பிரான்ஸ் 1940க்கு டபிள்யூஓ 167, தென்கிழக்கு ஆசியாவுக்கு டபிள்யூஓ 172 என்ற ஆவணத் தொகுதிகளைக் கேளுங்கள். பிரிகேடுக்கும் பட்டாலியன்களுக்கும் தனித்தனிப் போர் நாட்குறிப்பு உண்டு. பட்டாலியனுடையதை முதலில் படியுங்கள்: பிரிகேட் குறிப்பில் இருப்பது செய்தி வந்து சேர்ந்த நேரமாக இருக்கலாம், சம்பவ நேரமல்ல.