பழைய காரில் அந்தக் காலத்து கூடுதல் விளக்கை அடையாளம் கண்டு மாட்டுவது எப்படி?

கையில் இருப்பது பனி விளக்கா, தூர விளக்கா, உங்கள் 1960களின் பிரிட்டிஷ் காருக்குப் பொருந்துமா என்பதுதானே கேள்வி? முதலில் கண்ணாடியைப் பாருங்கள். செங்குத்தாக நெருக்கமான வரிகள் இருந்தால் ஒளியை அகலமாகப் பரப்பும் பனி விளக்கு, தெளிவாக இருந்தால் பெரும்பாலும் தூர விளக்கு. பிரிட்டிஷ் நிறுவனமான லூகாஸின் விளக்கு என்றால் வேலை சுலபம்: மாடல் எண் எஸ்எஃப்டி (SFT) என்று தொடங்கினால் பனி, எஸ்எல்ஆர் (SLR) என்றால் தூரம், பின்னால் வரும் 700 என்பது 7 அங்குலத்தைக் குறிக்கும். பூனை முகச் சின்னம் இருந்தால் பிரான்சின் மார்ஷல் நிறுவனம் செய்தது. அப்புறம் பல்பு பிடிப்பானைப் பாருங்கள், ஹெச்1 (H1) வகை ஹாலஜன் பல்பு வந்ததே 1962இல்தான், அதனால் 1958 காரில் அது இருந்தால் பிற்பாடு யாரோ மாட்டியது.

மாட்டும்போது ஆள் ஏமாறுவது வயரிங்கில்தான். 12 வோல்ட்டில் 55 வாட் பல்பு இரண்டு போட்டால் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அதைப் பழைய சுவிட்ச் வழியாக நேரடியாக விட்டால் சுவிட்ச் கருகிவிடும். ரிலேயும் (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) தனி ஃபியூஸும் கட்டாயம் போடுங்கள். காரில் மின்சாரம் தயாரிக்கும் லூகாஸ் சி40-1 டைனமோ அதிகபட்சம் தருவதே 22 ஆம்பியர், ஹெட்லைட்டும் எரிந்தால் மீதி என்ன இருக்கும் என்று யோசியுங்கள். பாசிட்டிவ் எர்த் காரா, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை கார் உடலோடு இணைந்ததா? சாதாரண பல்புக்குக் கவலையில்லை, வழக்கமான எல்இடியை அப்படியே மாட்டினால் எரியாது. துருப்பிடித்த, பெயின்ட் அடித்த இடத்தில் எர்த் கொடுக்காதீர்கள், மங்கலாக எரியும் விளக்குகளில் பாதிக்கு இதுதான் காரணம் என்பது என் அனுபவம்.