தையல் மேசையும் அயன் பலகையும் ஒரே மூலையில்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அக்கா, வெள்ளவத்தையில் இரண்டு அறை கொண்ட தொடர்மாடி வீட்டில் இருக்கிறோம். ஹோல் மூலையில் மெஷினைப் போட்டு சாரி பிளவுஸ், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் ஸ்கூல் யூனிஃபோம் எல்லாம் தைத்துக் கொடுக்கிறேன். அயன் பலகை படுக்கையறையில். ஒவ்வொரு தடவையும் எழும்பிப் போகப் பஞ்சியாக இருப்பதால், முழுவதும் தைத்து முடித்துவிட்டுக் கடைசியில்தான் அயன் பிடிக்கிறேன். பிளவுஸின் நெஞ்சுப் பக்கம் வடிவாக உட்காருவதில்லை. மொறட்டுவைத் தச்சர்களிடம் சொல்லி, ஒரு பக்கம் மெஷினும் மறுபக்கம் அயனும் வைக்கிற மாதிரி ஒரு பெரிய மேசை அடிப்பிக்கலாமா? ஹோலில் நடக்க இடம் இருக்காது என்கிறார் இவர். (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: மேசைக்கு இன்னும் முற்பணம் கொடுக்கவில்லைதானே தங்கச்சி? அப்படியென்றால் கொஞ்சம் பொறுங்கள், இந்த விஷயத்தில் நான் உங்கள் வீட்டுக்காரர் பக்கம்.

அயன் என்று நாங்கள் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் இரண்டு வேலை. துவைத்துக் காய்ந்த சட்டை, சேலை, கட்டில் விரிப்பு ஆகியவற்றின் சுருக்கம் எடுப்பது ஒன்று. தைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தையலை அழுத்தி, விரித்து, ஒரு பக்கம் சாய்த்துவிட்டு அடுத்த தையலுக்குப் போவது மற்றது. முதல் வேலைக்கு நீளமான பலகை வேண்டும், அது எந்த அறையில் இருந்தாலும் ஒன்றுதான். இரண்டாவது வேலைக்கு ஒரு தலையணை அளவு இடம் போதும், ஆனால் அது உங்கள் கைக்கு எட்டுகிற தூரத்தில் இல்லாவிட்டால் நீங்கள் அதைச் செய்யவே மாட்டீர்கள். இப்போது நடப்பது அதுதான். ஆகவே மெஷின் பக்கத்துக்கு வரவேண்டியது இந்தச் சின்ன அயன் மட்டும், பெரிய பலகை படுக்கையறையிலேயே இருக்கட்டும்.

சின்னப் பலகையை நீங்களே செய்யலாம். 12 அல்லது 18 மில்லிமீட்டர் பிளைவூட்டில் ஏறக்குறைய 45க்கு 60 சென்டிமீட்டர் துண்டொன்று வெட்டி வாங்குங்கள். பாட்டிக்கிள் போட்டும் எம்.டி.எஃப்பும் வேண்டாம், நீராவி பட்டால் ஊதிவிடும். அதன் மேல் பழைய கம்பளிப் போர்வையை இரண்டு மடிப்பாக விரித்து, அதற்கு மேல் வெள்ளைக் காடாத்துணியை இழுத்து, அடிப்பக்கத்தில் ஸ்டேப்பிள் அடித்துவிடுங்கள். காடாத்துணியைக் கட்டாயம் முதலில் துவைத்துக் காயவையுங்கள், இல்லாவிட்டால் முதல் நாள் நீராவியிலேயே சுருங்கி மேற்பரப்பு மேடு பள்ளமாகிவிடும். கம்பளிக்குப் பதிலாக ஸ்பொன்ஞ் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. போடக் கூடாது. அது சூட்டில் உருகும், அமுங்கவும் அமுங்கும், அமுங்குகிற தளத்தில் தையல் தட்டையாகாது. கம்பளி அப்படியில்லை, சூட்டைப் பிடித்து வைத்துக் கீழிருந்தும் கொடுக்கும்.

எங்கே வைப்பது என்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். மெஷினுக்கு இடது பக்கம் இடமிருக்கிறது என்று அங்கே வைத்துவிடுவார்கள். மெஷினில் துணியின் பெரும்பகுதி கிடப்பதே இடது பக்கத்தில்தான். நீளப் பாவாடையோ திரைச்சீலையோ தைக்கும்போது அது நழுவி நேரே சூடான அயன் மேல் போய் விழும். வலது கைக்காரர் என்றால் பலகை வலது பக்கம், மெஷினின் கைச்சக்கரத்தைத் தாண்டி இருக்க வேண்டும். அயன் வலது கையில், வயரும் வலது பக்கத்தாலேயே போகும், உங்கள் மடிக்குக் குறுக்கே வராது. இடது கைக்காரர்கள் பலகையை முதுகுக்குப் பின்னால் வைத்துத் திரும்பி நின்று அழுத்துவது நல்லது.

உயரம்? மெஷின் மேசை வழமையாக 75 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். நின்றுகொண்டு அயன் பண்ண 85 முதல் 95 வரை வேண்டும், உங்கள் முழங்கைக்குக் கொஞ்சம் கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே மேசையில் கேட்டால் ஏதோ ஒன்றுக்கு உயரம் பிழைக்கும், பெரிய மேசை வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய லாச்சி அல்மாரி ஒன்று, இடுப்புயரத்தில், அதன் மேல் இந்தப் பலகை, லாச்சிக்குள் நூல், கொக்கி, கன்வஸ் (கொலர் போன்றவை விறைப்பாக நிற்க உள்ளே ஒட்டும் துணி) என்று வைத்துவிட்டால் ஹோலில் போகிற இடம் மிகக் கொஞ்சம். இருந்த இடத்திலிருந்தே திரும்பி அழுத்தினால் சுகம்தானே என்று தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. மணிக்கணக்காகக் குனிந்திருக்கும் முதுகுக்கு, தையலுக்குத் தையல் எழும்பி ஒரு எட்டு வைப்பதுதான் மருந்து. அதோடு, கன்வஸ் ஒட்டும்போது உடம்புப் பாரத்தைக் கொடுத்துப் பத்துப் பதினைந்து விநாடி அசையாமல் அழுத்த வேண்டும், இருந்துகொண்டு அந்தப் பாரம் வராது. முழங்கால் வருத்தம் உள்ளவர்களுக்கு மட்டும் பலகையை மேசையின் உயரத்திலேயே வைக்கச் சொல்வேன்.

இனி அந்த நெஞ்சுப் பக்கத்துக்கு வருகிறேன். டாட், அதாவது வடிவுக்காகத் துணியைக் கூராக மடித்துப் போடும் தையல், தைத்தவுடன், துணியை விரிக்காமல் மடிந்த நிலையிலேயே தையல் கோட்டின் மேல் அயனை வையுங்கள். தேய்க்க வேண்டாம், வைத்து எடுங்கள். டாட்டின் கூர் நுனியோடு நிறுத்துங்கள், அதைத் தாண்டினால் நுனிக்கு அப்பால் ஒரு வரி விழுந்து வெளியே தெரியும். அப்புறம் ஒரு சின்னத் துவாயை இறுக்கமாகச் சுருட்டி, பிளவுஸின் உட்பக்கம் மேலே இருக்கிற மாதிரி டாட்டை அதன் மேல் போட்டு, நெட்டு டாட்டை நடுப்பக்கமாகவும் குறுக்கு டாட்டைக் கீழ்ப்பக்கமாகவும் சாய்த்து அழுத்துங்கள். தட்டைப் பலகையில் அழுத்தினால் தைத்து உண்டாக்கிய குழிவை நீங்களே தட்டையாக்குகிறீர்கள், துவாயின் வளைவில் அது அப்படியே நிற்கும். சூடு ஆறும்வரை துணியைத் தூக்காதீர்கள். ஒரு தையலைக் குறுக்காக இன்னொரு தையல் கடக்கப் போகிறது என்றால் முதலாவதைக் கட்டாயம் அழுத்திவிட்டுக் கடவுங்கள், ஒருமுறை கடந்துவிட்டால் அந்த இடத்தை இனி எந்த அயனாலும் திருத்த முடியாது. கடைசியில் ஒரேயடியாக அயன் பிடிப்பது உதவாமல் போவது இதனால்தான்.

கேள்வி: கொட்டாஞ்சேனையில் அனெக்ஸ் ஒன்றில் வாடகைக்கு இருக்கிறேன். மெஷின், மேசை லைட், நீராவி அயன் மூன்றையும் ஒரே மல்டி பிளக்கில் போட்டு ஒரு மூலையில் வைத்திருக்கிறேன். அயன் சூடேறும்போது லைட் மங்குகிறது, பிளக்கைத் தொட்டால் சுடுகிறது. ஆனால் ட்ரிப் சுவிட்ச் ஒருநாளும் விழவில்லை. வீட்டுச் சொந்தக்காரர் புது வயரிங் போட விடமாட்டார். என்ன செய்யலாம்? (வாசகி, கொட்டாஞ்சேனை)

பதில்: இதை வாசித்து முடித்ததும் முதல் வேலையாக அயனை அந்த மல்டி பிளக்கிலிருந்து கழற்றுங்கள். ட்ரிப் சுவிட்ச் விழவில்லையே என்ற ஆறுதல் வீண். அது கரண்ட் வெளியே கசிந்தால் விழும், அதன் வேலை உங்களுக்கு ஷொக் அடிக்காமல் காப்பது. பிளக்கின் பின்கள் தளர்ந்து சூடாவதை அது கண்டுகொள்ளாது, பிளாஸ்டிக் உருகி மணக்கும்வரை அது பாட்டுக்கு இருக்கும்.

கணக்கு இதுதான். எங்கள் கரண்ட் 230 வோல்ட். 2400 வோட் நீராவி அயன் ஒன்று 10 அம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய வீடுகளில் இருக்கும் சின்ன வட்டப் பின் சொக்கெட் 5 அம்பியருக்கானது, அதாவது 1150 வோட் வரைதான். அதற்குள் அடப்டர் சொருகி நீராவி அயனைக் கொழுவினால் இரண்டு மடங்குக்கும் மேலே போகிறீர்கள். வீட்டில் பாவிக்கிற சாதாரண தையல் மெஷின் மோட்டரோ 100 வோட் அளவில்தான் எடுக்கும். ஆகவே ஆளை மாற்றுங்கள். சுவரில் உள்ள 13 அம்பியர் சதுரப் பின் சொக்கெட் அயனுக்கு, நேரடியாக, நடுவில் ஒன்றும் இல்லாமல். எக்ஸ்டென்ஷன் வயர் மெஷினுக்கும் லைட்டுக்கும். சதுரப் பின் சொக்கெட் எந்த மூலையில் இருக்கிறதோ அதுதான் உங்கள் தையல் மூலை, தளபாடத்தை நகர்த்த வீட்டுச் சொந்தக்காரரிடம் உத்தரவு கேட்கத் தேவையில்லை.

அப்படி ஒரு சொக்கெட்டே அறையில் இல்லையென்றால், 1000 வோட் சாதாரண அயன் ஒன்று வாங்கி, வட்டப் பின் சொக்கெட்டில் அதை மட்டும் தனியாகப் போடுங்கள். நீராவிக்குப் பதில் ஈரம் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியை மேலே விரித்து அழுத்தலாம், தையல்காரர்கள் காலங்காலமாகச் செய்வது அதுதான். சூடு பட்டு மஞ்சளாகவோ கறுப்பாகவோ போன சொக்கெட் என்றால் அதை மாற்றியே ஆக வேண்டும். வயரிங் பாஸ் ஒருவருக்கு அது சின்ன வேலை, வீட்டுச் சொந்தக்காரரிடம் ‘புது வயரிங்’ என்று கேட்காமல் ‘எரிந்த சொக்கெட்’ என்று காட்டிக் கேளுங்கள், முகம் மாறாது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்தது எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். காலால் மிதிக்கிற மெஷின் வைத்திருந்தவர்கள் அப்போது ராஜாக்கள், சில வீடுகளில் சிரட்டைக்கரி அயனும் பரணிலிருந்து இறங்கியது. கரண்ட் போனால் அயனைக் கையோடு சுவரில் ஓஃப் பண்ணுங்கள். ஆறிப்போன அயனைத் துணிமேல் படுக்க வைத்துவிட்டுக் கடைக்குப் போய், நீங்கள் இல்லாத நேரத்தில் கரண்ட் வந்தால் நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: பம்பலப்பிட்டியில் கடற்கரைப் பக்கம் வீடு. மெஷினுக்குப் பக்கத்தில் நீராவி அயன் வைத்த பிறகு ஊசி, குண்டூசி எல்லாம் துருப்பிடிக்கிறது. வெள்ளை யூனிஃபோமில் பழுப்புப் புள்ளி விழுந்துவிட்டது. அயன் தண்ணீரை மாற்ற வேண்டுமா? (வாசகி, பம்பலப்பிட்டி)

பதில்: கொழும்புக் குழாய்த் தண்ணீர் களனி கங்கையிலிருந்தும் லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருவது, உப்புப் படிகிற தண்ணீர் அல்ல. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால்தான் சுண்ணாம்பு படிந்து அயனின் துளைகள் அடைபடும். உங்களுக்கு வில்லன் கடல் காற்று, நீராவி அதற்குக் கூட்டாளி. அயனுக்கும் மெஷினுக்கும் நடுவில் ஒரு கை நீளமாவது இடைவெளி விடுங்கள், நீராவி ஜன்னல் பக்கம் போகிற மாதிரி பலகையைத் திருப்புங்கள். வேலை முடிந்ததும் அயனில் மிஞ்சிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். மெஷினில் நீராவி ஆறிய பிறகு உறை போடுங்கள், ஈரத்தோடு மூடினால் ஈரத்தைச் சேர்த்துப் பூட்டியது போலாகும். இரவில் ஊசியைப் பழைய துணித்துண்டு ஒன்றில் குத்தி இறக்கி விடுங்கள். பொபின் பக்கத்துக்கு மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசினாகி மெஷினை இறுக்கிவிடும். வெள்ளைத் துணி தைக்குமுன் புது ஊசி மாற்றிவிடுங்கள், ஊசி விலை யூனிஃபோம் விலையைவிட எவ்வளவோ மலிவு.

குண்டூசி வாங்குவதென்றால் கண்ணாடித் தலை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பிளாஸ்டிக் தலை அயனில் உருகி ஒட்டும்.

கேள்வி: அயன் பட்டால் அழிகிற பேனா இப்போது கடைகளில் இருக்கிறதே, துணியில் அடையாளம் போட நல்லதா? (வாசகி, வத்தளை)

பதில்: அயன் பக்கத்திலேயே இருப்பவர்களுக்கு வசதிதான், ஒரு தொடுகையில் கோடு மறையும். ஆனால் அது அழிவதில்லை, நிறம் மட்டும்தான் போகிறது, கடும் குளிரில் திரும்பி வரும். கொழும்பில் பயமில்லை. கனடாவில் இருக்கும் மருமகளுக்குத் தைத்து அனுப்பிய பிளவுஸில், அங்கே பனிக்காலத்தில் உங்கள் டாட் கோடுகள் எல்லாம் எட்டிப் பார்த்தால் என்னைத் திட்டக் கூடாது. உட்பக்கத்தில், தையலுக்குள் மறைகிற இடத்தில் மட்டும் பாவியுங்கள். தண்ணீரில் போகிற நீலப் பேனா இதற்கு நேர்மாறு, கழுவுமுன் அயன் பட்டால் கறை நிரந்தரமாகிவிடும். மெழுகு சோக்கும் சூட்டில் எண்ணெய்ப் பிசுக்காக இறங்கும். எனக்கு இன்றும் பிடித்தது சாதாரண தையல் சோக்.

கேள்வி: மனைவி தைப்பார், வீட்டில் அயன் என் பொறுப்பு. இருவருக்கும் ஒரே அறை, ஒரே மேசை. அவருடைய துணி வெட்டும் பச்சை மேட்டின் மேல் துவாய் விரித்து அயன் பண்ணினேன், மேட் அலை அலையாக வளைந்துவிட்டது. சரிப்படுத்த வழி உண்டா? (வாசகர், தெஹிவளை)

பதில்: தம்பி, அந்த மேட் பிளாஸ்டிக். துவாய் சூட்டைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது, சூடான தேநீர்க் கோப்பை வைத்தாலே அது வளையும். கொஞ்சம் வளைந்தது என்றால் தட்டையான தரையில் போட்டு மேலே பாரம் ஏற்றி வையுங்கள், நிமிரக்கூடும். அலை அலையாகப் போனது பெரும்பாலும் நேராகாது, வளைந்த மேட்டில் அளந்து வெட்டினால் அளவும் பிழைக்கும். வளையாத பகுதி எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். அதைக் கத்தியால் நறுக்கி எடுத்தால் கொலர், கன்வஸ் போன்ற சின்னத் துண்டுகள் வெட்ட மனைவிக்கு உதவும். பெரியது ஒன்று புதிதாக வாங்கத்தான் வேண்டும், காசு யாருடையது என்று நான் சொல்லத் தேவையில்லை.