மூக்கடைப்பு மட்டும் இருந்தால் அது கொரோனாவாக இருக்குமா?

இருக்கலாம். மூக்கை மட்டும் வைத்து ஆமாம், இல்லை என்று டாக்டராலும் சொல்ல முடியாது. நானே ஒருமுறை தப்பாகக் கணித்துவிட்டேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மூக்கு அடைத்தால் வெறும் சளி, காய்ச்சலும் வறட்டு இருமலும் என்றால் கொரோனா என்று 2020-இல் ஒரு கணக்கு எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. அப்போது அதற்கு ஆதாரமும் இருந்தது. அந்தப் பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனமும் சீனாவும் சேர்ந்து தந்த அறிக்கையில் சுமார் 56,000 நோயாளிகளின் விவரம் இருக்கிறது. காய்ச்சல் 88 சதவீதம் பேருக்கு. மூக்கடைப்பு 5 சதவீதம்கூட இல்லை. 2021 கடைசியில் ஒமிக்ரான் வந்ததும் எல்லாம் மாறியது. மூக்கொழுகல், அடைப்பு, தும்மல், தொண்டை வலி முன்னால் வந்துவிட்டன. நான் பழைய கணக்கிலேயே இருந்தேன்.

எனக்குக் காய்ச்சல் துளியும் இல்லை. ஒரு பக்கம் படுத்தால் இடது மூக்கு அடைக்கும், புரண்டால் வலது. சளிதானே என்று அம்மாவின் அறையிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். முதல் நாள் வீட்டிலேயே செய்த பரிசோதனையில் ஒரே கோடு. மூன்றாம் நாள் மறுபடி செய்தபோது, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரிகிற மாதிரி மங்கலாக இன்னொரு கோடு. மங்கலானாலும் அது பாசிட்டிவ்தான். நாலு நாளில் அம்மாவும் படுத்துவிட்டார், எழுபதைத் தாண்டியவர். தேறிவிட்டார், ஆனால் அவர் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டே விழித்திருந்த இரவுகளை நான் மறக்கவில்லை.

அதனால் முதல் முறை நெகட்டிவ் வந்தால் நிம்மதியாகிவிடாதீர்கள். 48 மணி நேரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள், அதுவரை முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணும் மூக்கும் அரித்து, அடுக்கடுக்காகத் தும்மல் வந்தால் ஒவ்வாமையாக இருக்க வாய்ப்பு அதிகம். மூக்கு திறந்திருந்தும் சோப்பு வாசனைகூடத் தெரியவில்லை என்றால் கொரோனாவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அப்புறம், எவ்வளவு சிந்தினாலும் அடைப்பு போகாததற்குக் காரணம், உள்ளே சவ்வு வீங்கியிருப்பது. உப்புநீர்ச் சொட்டு மருந்து இதம் தரும். அடைப்பைச் சட்டென்று திறக்கும் ஆக்ஸிமெட்டசோலின் மூக்கு ஸ்பிரேயை மூன்று நாளுக்கு மேல் இழுக்காதீர்கள், நிறுத்தியதும் அடைப்பு இன்னும் மோசமாகத் திரும்பும். மூச்சுத் திணறலோ நெஞ்சில் அழுத்தமோ வந்தால் வீட்டில் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது. அவர்களுக்குத் தரும் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை அறிகுறி தொடங்கி 5 நாளுக்குள் ஆரம்பித்தாக வேண்டும்.