இழுத்துப் பார்த்தால் தெரியும்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: செல்களை ஒட்டவைக்கும் புரதங்கள் இணைவதைக் கம்ப்யூட்டரில் பார்க்கலாம் என்று படித்தேன். அது நிஜமா, அழகுக்காக வரையும் அனிமேஷனா?
– கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: நிஜமான கணக்கு அம்மா. ஒவ்வோர் அணுவின்மீதும் எவ்வளவு விசை விழுகிறது என்று கணக்கிட்டு, நியூட்டன் விதிப்படி அதைத் துளி நகர்த்துகிறோம். மறுபடி கணக்கு, மறுபடி நகர்வு. இப்படி எடுத்துவைக்கும் ஓர் அடிக்கு 2 ஃபெம்டோ நொடி (ஒரு ஃபெம்டோ நொடி என்பது நொடியில் பத்து கோடி கோடியில் ஒரு பங்கு). ஒரே ஒரு மைக்ரோ நொடியை, அதாவது நொடியில் 10 லட்சத்தில் ஒரு பங்கை, கடக்க 50 கோடி அடி வைக்க வேண்டும்.

நான் வேலை செய்வது, செல்களை ஒட்டவைக்கும் கேட்ஹெரின் என்ற புரதத்தோடு. செல்லுக்கு வெளியே ஐந்து மணிகளைக் கோத்ததுபோல நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு மணிகள் சேரும் இடத்தில் மூன்று மூன்றாக, மொத்தம் 12 கால்சியம் அயனிகள். ஆரம்ப நாட்களில், புரதத்தின் அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று சொல்லும் படிக அமைப்புக் கோப்பிலிருந்து தண்ணீரை நீக்கும்போது கால்சியத்தையும் சேர்த்து நீக்கிவிட்டேன். விறைப்பாக நிற்க வேண்டிய புரதம் துவண்டு மடங்கியது. இரண்டு நாள் பிழை தேடினேன். கடைசியில் பார்த்தால், புரதம் சரியாகத்தான் நடந்துகொண்டிருக்கிறது! கால்சியம் இல்லாவிட்டால் செல்கள் பிரிந்துபோவதைக் கவனித்துத்தானே ஜப்பானின் மசாதோஷி தகேய்ச்சி இந்தப் புரதத்தையே கண்டுபிடித்தார். அந்த இரண்டு நாளை நான் இன்றுவரை வீண் என்று நினைக்கவில்லை.

இனி ஒட்டும் இடத்துக்கு வருவோம். எதிரெதிர் செல்களின் நுனியிலுள்ள முதல் மணிகள் சந்திக்கும்போது, இதன் டிரிப்டோஃபேன் (புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் ஒன்று) அதன் குழிக்குள் போகும், அதன் டிரிப்டோஃபேன் இதன் குழிக்குள் வரும். ஆனால் முதலில் இரண்டும் தத்தம் சொந்தக் குழியை விட்டு வெளியே வந்தாக வேண்டும். இதற்கு ஆகும் நேரம் எங்கள் மைக்ரோ நொடிகளுக்குள் அடங்காது. அதனால் இணைந்த நிலையிலேயே தொடங்கி, பிரித்து இழுக்கிறோம்.

இங்கே நீங்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஆய்வகத்தில் நுண் ஊசியால் மூலக்கூறைப் பிடித்து இழுக்கும் அணுவிசை நுண்ணோக்கி நொடிக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் வேகத்தில் இழுக்கும். கம்ப்யூட்டரில் நாங்கள் இழுப்பது பெரும்பாலும் நொடிக்கு ஒரு மீட்டர் அளவில். 10 லட்சம் மடங்கு வேகம்! ஆகவே பிடி அறுபட எவ்வளவு விசை வேண்டும் என்று என் கணக்கு சொல்லும் எண் நிஜத்தைவிட மிகப் பெரிதாக இருக்கும். அதை அப்படியே நம்பாதீர்கள். எந்தப் பிணைப்பு முதலில் விடுகிறது, எது கடைசிவரை தாங்குகிறது என்ற வரிசையைப் பாருங்கள். அதைச் சோதிக்க வழி உண்டு: அந்த டிரிப்டோஃபேனை அலனைன் என்ற சிறிய அமினோ அமிலமாக மாற்றினால், ஆய்வகத்திலும் குழி மாறும் பிடி உருவாவதில்லை.

கேள்வி: இழுத்தால் இன்னும் இறுகும் பிடி உண்டாமே?
– பள்ளி ஆசிரியர் ஒருவர்

பதில்: உண்டு. டிரிப்டோஃபேன் இடம் மாறுவதற்கு முந்தைய கட்டத்தில் இரண்டு கேட்ஹெரின்களும் 'எக்ஸ்' வடிவில் குறுக்காகப் பிடித்துக்கொள்ளும். ஓர் அளவுவரை இழுக்க இழுக்க அந்தப் பிடியின் ஆயுள் கூடும். அதைத் தாண்டினால் குறையும். இழுவிசையில் இரண்டும் சற்றே நகர்ந்து, முன்பு எட்டாத ஹைட்ரஜன் பிணைப்புகள் எட்டிவிடுவதை இந்தக் கம்ப்யூட்டர் கணக்கு (சிமுலேஷன்) காட்டியது. அதற்கும் கால்சியம் வேண்டும்.